விட்டுப்போன மூன்றெழுத்து

ஒற்று சார் எழுதியதில் பிழை இருந்ததாம் என்ற செய்தி, ஒரு சனிக்கிழமை காலை, அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்டைவிட வேகமாக ஏறி இறங்கியது.

பிழையைக் கண்டுபிடித்தவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கண்டுபிடித்ததை ஊர் தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடும் அளவுக்கு அவருக்குப் பொறுமை கிடையாது. தானே வாசல் வாசலாகப் போனார்.

"இருபத்தேழு வருஷம் ப்ரூஃப் பார்த்த மனுஷன்! மூணு எழுத்து விட்டுட்டாரு. நல்லவேளை, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என் கண்ணுல பட்டுச்சு. இல்லேன்னா சங்கத்தோட மானம் என்ன ஆகறது?"

இரண்டாம் மாடியில் இது "மூணு வரி விட்டுட்டாரு" ஆனது. ஐந்தாம் மாடியில் ஒற்று சாருக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் என்று முடிவாகி, ஓர் அம்மாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் புறப்பட்டேவிட்டார்.

ஒற்று என்பது அவர் பெயரல்ல, அவர்மேல் விழுந்த பழி. பாடப் புத்தகங்கள் அடிக்கும் அச்சகமொன்றில் பிழை திருத்துவது அவர் வேலை. இரண்டு சொற்களுக்கு நடுவே வர வேண்டிய க், ச், த், ப் வராமல் போனால் அவருக்குச் சோறு இறங்காது. மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பால்காரர் எழுதிய துண்டுக் காகிதம் என எதையும் சிவப்பு மை படாமல் அவர் திருப்பிக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் எழுதியதில் பிழை என்றால், கட்டடம் சந்தோஷப்படாமல் என்ன செய்யும்?

உண்மையில் பிழை எதுவும் இல்லை. அவர் எழுதியது மிகச் சரியான சொல். தொந்தரவே அதில்தான்.

கட்டடம் புதிதாய் எழும்பிய இருபத்தைந்து வருஷத்துக்கு முன், மூன்றாம் மாடி வீடொன்றுக்கு இரண்டு இளைஞர்கள் குடிவந்தார்கள். ஒருவர் ஒற்று. இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்குள் அவர் பெயரும் கணக்குதான். வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் இருவரும் உறங்கினார்கள். மற்றதில், வருவோர் போவோர் பார்வைக்காக ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். வாரம் தவறாமல் அதற்கு விரிப்பு மாற்றினார்கள். எவருமே படுக்காத விரிப்பு என்பதால், கட்டடத்திலேயே வெளுப்பான விரிப்பு அதுதான்.

கட்டடத்தாருக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதற்குப் பெருந்தன்மை என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். "ரெண்டு பேரும் செலவைப் பங்கு போட்டுக்கிட்டு எவ்ளோ சிக்கனமா இருக்காங்க பாருங்க" என்று பத்தொன்பது வருஷம் ஓயாமல் வியந்தார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்கு வகுப்பில், பாதிக் கணக்கில், கரும்பலகை முன்னாலேயே சரிந்தார். கணக்கின் தம்பி வந்தார். கெட்டவர் அல்ல, நல்லவர்தான். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை. "உங்க பேரை விட்டுட்டு நான் எதுவும் செய்ய மாட்டேண்ணே" என்று சொல்லி, பத்திரிகைக்கான இரங்கல் விளம்பரத்தில் "தம்பி, தங்கை குடும்பத்தினர் மற்றும் நண்பர்" என்று எழுதினார். அந்தப் பத்திரிகைக்கு விளம்பரங்களை எழுத்துக் கோத்துக் கொடுத்ததும் ஒற்றுவின் அச்சகம்தான். இதுவும் ஒற்றுவின் மேசைக்குத்தான் வந்தது.

'கண்ணீர் துளிகளுடன்' என்று இருந்தது. நடுவே த் போட்டுக் 'கண்ணீர்த் துளிகளுடன்' என்று திருத்தினார். 'நண்பர்' என்று இருந்தது. அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேனா இறங்கவில்லை. கடைசியில் காகிதத்தின் அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம், அவர் வீட்டில் சத்தம் என்று கேட்டது கடிகாரத்தின் சத்தம் மட்டும்தான்.

*

லிஃப்ட் மெக்கானிக்கை அவர் முதலில் சந்தித்தது ஓர் எழுத்துப் பிழையின் வழியாக. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'லிஃப்ட் பழுது. யாரும் ஏராதீர்கள்.' ஒற்று சார் சிவப்புப் பேனாவை எடுத்து ராவை றாவாக்கினார். மறு மாதம் வேறோர் அட்டை: 'கதவு மூடும்போது கைவிடாதீர்கள்.' கைக்கும் விடாதீர்களுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்து, இடம் விடும்படி குறி போட்டுக்கொண்டிருந்தபோது, மாடிப்படிக்குப் பின்னாலிருந்து ஸ்பேனரும் கையுமாக ஒருவர் வெளிப்பட்டார்.

"ஓ, சார்தானா அது? எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைடா நம்ம போர்டுல கிறுக்குதுன்னு ஒளிஞ்சிருந்து பார்த்தேன்."

"கிறுக்கல. திருத்தறேன். இடம் விட்டு எழுதணும்."

"ஏன், சேர்த்து எழுதினா லிஃப்ட் ஓடாதா?"

"ஓடும். அர்த்தம் ஓடாது. பிரிச்சு எழுதினா, உள்ளே கையை நுழைக்காதேன்னு அர்த்தம். சேர்த்து எழுதினா, நம்பி இருக்கறவங்களை விட்டுட்டுப் போகாதேன்னு அர்த்தம்."

மெக்கானிக் அட்டையைப் பார்த்தார். பிறகு ஒற்று சாரைப் பார்த்தார். "ரெண்டுமே ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதுதானே சார்?"

ஒற்று சார் பேனாவை மூடினார்.

அதன்பிறகு லிஃப்ட் கதவில் அறிவிப்புகள் பெருகின. பழுது இருந்தால் ஓர் அட்டை. பழுது இல்லை என்று ஓர் அட்டை. மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்த மெக்கானிக் வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். இதைத் தன் நிர்வாகத் திறமையின் விளைவு என்று சங்கத் தலைவர் ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார். ஒருநாள் மாட்டியிருந்த அட்டையில் எட்டுச் சொற்கள், ஏழு பிழைகள். ஒற்று சார் எண்ணிப் பார்த்தார். அத்தனை பிழை இயல்பாக வராது. அதற்கு உழைப்பு வேண்டும், உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யாரோ தனக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது விளங்கியதும், லிஃப்டுக்குள் தனியாக நின்றபடி, நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். மேலே மெஷின் அறையில் இருந்த மெக்கானிக்குக்கு அது கேட்டது. எந்த மோட்டாரின் சத்தத்தையும் அவர் அத்தனை கவனமாகக் கேட்டதில்லை.

ஒற்று சார் வீட்டுக்கு டீ குடிக்க வந்த முதல் நாளே மெக்கானிக் சுவர்க் கடிகாரத்தைக் கவனித்தார். "சார், அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடுது. சரி பண்ணட்டுமா?"

"வேணாம்." அதட்டலாக வந்துவிட்டது. ஒற்று சார் குரலைத் தணித்துக்கொண்டார். "அவர் வெச்சது. பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போகணும்னு."

 மெக்கானிக் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஐந்து நிமிஷம் முன்னே தள்ளி, மறுபடி கட்டிக்கொண்டார். டீயை எடுத்துக் குடித்தார். "சர்க்கரை கம்மி சார்" என்றார்.

அன்றுதான் ஒற்று சார் பயந்துபோனார். துக்கத்தோடு குடித்தனம் நடத்த அவர் பழகியிருந்தார். அதற்கு ஆள் தேவையில்லை. இது வேறு. மறந்தால்தான் புதிதாக ஒருவரை நேசிக்க முடியும் என்று அவர் எங்கேயோ படித்து, அச்சுப் பிழை இல்லாததால் நம்பியும் இருந்தார். இந்த மனிதரோ ஒன்றையும் மறக்கச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கரை கேட்கிறார்.

ஆறு மாதத்தில் மெக்கானிக் பெட்டியோடு வந்துவிட்டார். வந்தவர் இரண்டாவது அறைக் கட்டிலைப் பார்த்தார்.

"இது யாருக்கு சார்?"

"வர்றவங்களுக்கு."

"படுக்கவா?"

"பார்க்க."

 மெக்கானிக் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். கால் மணி நேரத்தில் கட்டில் நான்கு சட்டமும் ஒரு பலகையுமாகக் கீழே இறங்கி, காவலாளியின் அறைக்குப் போனது. இருபத்து மூன்று வருஷம் நடித்த கட்டிலுக்கு அன்று ராத்திரிதான் உண்மையான வேலை கிடைத்தது.

மெக்கானிக் அவரை எப்போதும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார். ஆனால் 'நீ' என்று பேசினார். "சார், நீ சாப்பிட்டியா?" மரியாதையும் போகக் கூடாது, உரிமையும் குறையக் கூடாது என்பது அவர் கட்சி. இலக்கணப்படி இது ஒருமை பன்மை மயக்கம். ஒற்று சார் திருத்தாமல் விட்ட பிழைகளில் இதுவும் ஒன்று.

மெக்கானிக்கின் அக்கா ஒருநாள் வந்தாள். துணிக்கடையில் இருபது பேரை வேலை வாங்குகிறவள். வந்ததும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஒற்று சாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களை நான் என்னன்னு கூப்பிடறது? தம்பி பொண்டாட்டின்னா கூப்பிட முடியாது. மாப்பிள்ளைன்னா, அவன் பொண்ணும் இல்ல."

"எனக்கும் அகராதியில கிடைக்கலீங்க" என்றார் ஒற்று சார், உண்மையாகவே தேடிப் பார்த்தவர்.

"உங்க முறை எதுவா வேணா இருக்கட்டும். என் முறை தெளிவா இருக்கு. நான் உங்களுக்கு நாத்தனார். வர்றப்பல்லாம் குத்தம் சொல்லுவேன். சமையக்கட்டுல எண்ணெய்ப் பிசுக்கு. முதல்ல அதைத் தொடைங்க."

ஒற்று சார் எழுந்து போய்த் துடைத்தார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்திருக்க மாட்டார்கள்.

*

இப்படியிருக்க, கட்டடத்துக்கு வெள்ளி விழா வந்தது.

சங்கத் தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை. அரசாங்கத்தில் எடை அளவு பார்க்கும் இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். துணை ஆய்வாளராகச் சேர்ந்து, துணை அலுவலராக உயர்ந்து, துணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். வாழ்க்கை முழுவதும் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்த அந்தத் 'துணை'யை அவர் எவ்வளவு வெறுத்தார் என்றால், சங்கத் தலைவரானதும் செய்த முதல் காரியம் துணைத்தலைவர் பதவியை ஒழித்தது. "ஒரு கட்டடத்துக்கு ஒரு தலை போதும்" என்றார். பொதுக்குழு கைதட்டியது, மழைக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால்.

முதல் நாளிலிருந்து வசிக்கும் பன்னிரண்டு வீட்டாரை விழாவில் தம்பதியாக மேடையேற்றிக் கேடயம் கொடுப்பது என்று தீர்மானம். அழைப்பிதழை எழுதித் தரும் பொறுப்பு ஒற்று சாருக்கு. கூலி கேட்க மாட்டார் என்பதால். தலைவரின் பெருமை பதினோரு வரி வந்தது. அவர் பன்னிரண்டாகக் கேட்டார். அதையும் கொடுத்துவிட்டு, கௌரவிக்கப்படுவோர் பட்டியலுக்கு வந்தார் ஒற்று சார். ஆண்களின் பெயருக்குப் பக்கத்தில் மனைவி பெயரும் 'துணைவியார்' என்ற சொல்லும். ஐந்தாம் மாடி பல் டாக்டர் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அவர் கணவர் பெயரும் 'துணைவர்' என்ற சொல்லும். பிறகு தன் பெயர்.

அங்கே நிறுத்தினார். ஒரு நாள் முழுக்க நிறுத்தினார். தனியாள் என்று விட்டுவிட்டால் கேட்பார் இல்லை. மறுநாள் காலை, அலுவலகம் போகும் அவசரத்தில், யோசிக்காமல் எழுதுகிறவர்போல் தன்னையே ஏமாற்றிக்கொண்டு, மெக்கானிக்கின் பெயரை எழுதி, 'துணைவர்' என்று சேர்த்து, காகிதத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

செயலாளர் அதைப் படித்தார். ஆணின் பெயருக்குப் பக்கத்தில் துணைவர். இப்படி ஒரு சொல் இருக்க முடியாது. மூன்று எழுத்து விட்டுப்போயிருக்கிறது. சேர்த்தார்: துணைத்தலைவர். இருநூறு பிரதி அடித்தார்கள்.

விஷயம் தெரிந்த சனிக்கிழமையே ஒற்று சார் செயலாளரின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நான் எழுத்து எதையும் விடல. துணைவர்னுதான் எழுதினேன்."

"வயசானா அப்படித்தான் சார், மனசுல ஒண்ணு நினைப்போம், கையில வேற வரும்."

"ரெண்டு வரி மேலே டாக்டரம்மா பேருக்குப் பக்கத்துல அதே சொல்தானே இருக்கு? அதுல மூணு எழுத்து விட்டுப்போகலையா?"

"அது எப்படி விட்டுப்போகும்? அவரு அந்தம்மாவோட புருஷன்."

"ஆமா."

"அப்போ இது…" என்று தொடங்கிய செயலாளர், வாக்கியத்தின் பாதியில் தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்ந்தார். முகம் லிஃப்ட் நடுமாடியில் நின்றதுபோல் நின்றது. "உள்ளே குக்கர் கத்துது சார்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். குக்கர் எதுவும் கத்தவில்லை.

இதற்குள் கட்டடம் புதிய துணைத்தலைவரை ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சில் வந்த பிறகு சந்தேகப்பட யாருக்கு நேரம்? குழாய் சொட்டுகிறது என்று ஒருவர் வந்தார். மெக்கானிக் போய் அடைத்தார். மாடிக் கதவு முனகுகிறது என்றார்கள். எண்ணெய் விட்டார். இரண்டு வண்டிக்காரர்கள் ஓர் இடத்துக்காக எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். தரையில் ஒரு கோட்டைச் சாய்வாகப் போட்டு இரண்டு வண்டியையும் நிறுத்தினார். தலைவர் இருபது வருஷமாகப் பரிசீலித்து வந்தவற்றைத் துணைத்தலைவர் எட்டு நாளில் முடித்தார்.

ஒன்பதாம் நாள் மாலை தலைவரே மூன்றாம் மாடிக்கு வந்தார். படியேறி வந்தார், லிஃப்டில் வந்தால் மெக்கானிக்கின் தயவாகிவிடும்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார், நாற்காலியில் அமர்ந்து. "நான் பரந்த மனசுக்காரன். பதவியை மறுபடி உண்டாக்கித் தீர்மானம் போட்டுடறேன். அவரு கௌரவத் துணைத்தலைவர். மேடையில உங்ககூடவே ஏறட்டும், கேடயம் வாங்கட்டும், யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. அந்த இன்னொரு வார்த்தை மட்டும் வேணாம்."

"எந்த வார்த்தை சார்?"

"அதான்… நீங்க எழுதினது."

"சொல்லுங்க சார். சொல்லிப் பாருங்க."

தலைவர் சொல்லவில்லை. "யோசிங்க. பதவியே தர்றேன். ஒரு வார்த்தைக்குப் பதிலா ஒரு பதவி, லாபந்தானே?" என்று சொல்லி இறங்கிப் போனார். பாதிப் படியில் யாரோ விருந்தாளியிடம் அவர் பேசுவது மேலே கேட்டது.

மெக்கானிக் குப்பைக்கூடையைக் கீழே வைக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தார். "சார், படியில தலைவர் என்னை ஒருத்தருக்கு அறிமுகம் பண்ணி வெச்சாரு. 'நம்ம துணைத்தலைவர். ஒற்று சாரோட நண்பர்.' பதவி, நட்பு, ரெண்டும் கெடைச்சாச்சு எனக்கு. இனிமே நீ என்னைக் கண்டா எந்திரிச்சு நிக்கணும்."

ஒற்று சார் சிரிக்கவில்லை. "உனக்குக் கோபம் வரலையா?"

"எதுக்கு? மாமா மச்சான்னு கூப்பிட ஆளில்லாம வளர்ந்தவன் நான். எவனாவது ஏதாவது சொல்லிக் கூப்பிட்டா சரிதான்." கூடையைக் கழுவப் போனவர், குழாயைத் திறக்காமல் நின்றார். "ஆனா சார், காகிதத்துல நீ அப்படி எழுதினேன்னு செயலாளர் வீட்டம்மா சொன்னாங்க. துணைவர்னு. என்கிட்ட நீ சொல்லவே இல்லியே?"

"பயமா இருந்துச்சு."

"எழுதும்போது?"

"எழுதினதை நீ படிக்கும்போது."

மெக்கானிக் குழாயைத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்தினூடே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "நல்ல வார்த்தை சார். பதவியைவிட நல்லா இருக்கு."

*

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில். மைக் மூன்று முறை கூவிவிட்டு அடங்கியது. தலைவர் கட்டடத்தின் வரலாற்றைக் கூறினார். அதில் கட்டடம் இரண்டு முறை வந்தது. செயலாளர் பட்டியலைப் படிக்க, ஜோடி ஜோடியாக ஏறிக் கேடயம் வாங்கினார்கள்.

"அடுத்ததாக, நமது ஒற்று சார், மற்றும் சங்கத்தின் கௌரவத் துணைத்தலைவர்—"

ஒற்று சார் தனியாக மேடையேறினார். கேடயத்துக்குக் கை நீட்டவில்லை. மைக்குக்கு நீட்டினார். செயலாளர் யோசிப்பதற்குள் அது கை மாறிவிட்டது.

"ஒரு நிமிஷம். அழைப்பிதழ் எல்லார் கையிலயும் இருக்கா? எடுங்க. பதினஞ்சு நாளா என் எழுத்துல பிழைன்னு பேசிக்கறீங்க. இருபத்தேழு வருஷமா எழுத்தைப் பார்த்துச் சோறு சாப்பிடறவன், அதனால சொல்றேன். நான் எழுதினதுல பிழை இல்ல. அச்சுலதான் பிழை. பேனா இருக்கறவங்க எடுங்க. பட்டியல்ல கடைசி வரி. துணைத்தலைவர்னு இருக்கா? அதுல தலையை எடுத்துடுங்க."

தலைவரின் கை தானாகத் தன் தலைக்குப் போனது.

"தலையை எடுத்துட்டா என்ன மிச்சம்? துணைவர். அவர் சங்கத்துக்குத் துணைத்தலைவர் இல்ல. எனக்குத் துணைவர். நான் எழுதினது அதைத்தான். யோசிச்சு, தெரிஞ்சு, எழுதினேன்."

 நான்காம் மாடிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு எழுந்து வெளியே போனார். அவர் போனதால் ஐந்து நாற்காலி காலியானது, பின்னால் நின்றிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் அம்மா கைப்பையைத் திறந்து, பேனாவை எடுத்து, அழைப்பிதழை முழங்காலில் வைத்து, பல் பிடுங்குகிற தீர்மானத்தோடு ஓர் அடி அடித்தார். அவர் கணவர், அவருடைய துணைவர், பேனாவுக்காகக் கை நீட்டினார். அடுத்த வரிசையில் ஓய்வு பெற்ற வங்கிக்காரர் எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். தலையை மட்டும் எடுத்தா நடுவுல ஒரு த் நிக்குதே. துணைத்வர்னு வருது. ஒற்றையும் எடுக்கணுமா?"

இருபத்தேழு வருஷமாக வகுப்பெடுத்தவருக்கு முதல் மாணவன் கிடைத்துவிட்டான். ஒற்று சாரின் குரல் உயர்ந்தது. "எடுக்கணும். அது தலைக்காக வந்த ஒற்று. தலை போனா அதுக்கு அங்கே வேலை இல்ல. துணைக்கும் வர்ருக்கும் நடுவுல எதுவும் வரக் கூடாது."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது; பேனாக்களும் பரவின. பேனா இல்லாதவர்கள் பக்கத்துக்காரரிடம் இரவல் வாங்கினார்கள்.

"இன்னொண்ணும் சொல்லிட்டு இறங்கிடறேன்." இப்போது குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனாலும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. "உங்க பிள்ளைங்க பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுல பத்தொன்பது வருஷம் இருந்தார். அவர் போனப்போ பத்திரிகையில என்னை நண்பர்னு போட்டாங்க. நான் பார்த்தேன், 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டேன். என் வேலையில நான் விட்ட ஒரே பிழை அது. அவர் என் நண்பர் இல்ல. அவரும் என் துணைவர். ரெண்டு பேர். எனக்கு வாழ்க்கையில ரெண்டு பேர் கெடைச்சாங்க. பெருமையா இருக்கு."

முதலில் கைதட்டியது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா. துணிக்கடையில் இருபது பேரை எழுப்புகிற கை அது. கூடம் எழுந்தது. எல்லோரும் அல்ல, ஆனால் எழாதவர்களை எண்ணிவிடலாம்.

காற்று எந்தப் பக்கம் என்று அறிவதில் தலைவருக்கு முப்பத்து நான்கு வருஷ அனுபவம் உண்டு. மைக்கை மீட்டுக்கொண்டார். "இப்படிப்பட்ட முற்போக்கான சூழ்நிலையை இந்தக் கட்டடத்தில் உருவாக்கிய பெருமை," என்று தொடங்கி, அது யாரைச் சேரும் என்பதை நான்கு நிமிஷம் விளக்கினார். அந்த நான்கு நிமிஷத்தில் மெக்கானிக் மேடைக்கு வந்து சேர்ந்தார். வேலைக்குப் போடும் கனமான காலணி. படி ஒவ்வொன்றும் அதிர்ந்தது. ஒற்று சாரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டிருப்பேன் சார்."

"இதுவே நல்லாத்தான் இருக்கு."

"கிரீஸ் இருக்கு."

"இருக்கட்டும்."

தலைவர் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவே வந்து நின்றார். மற்றப் பதினோரு ஜோடிகளுக்கும் அப்படித்தான் நின்றிருந்தார். எல்லாப் படத்திலும் நடுவில் அவர், ஓரத்தில் தம்பதி. படம் எடுப்பவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"தலைவர் சார், நீங்க கொஞ்சம் வெளியே வாங்க. ஜோடி மறையுது."

தலைவர் காதில் விழாததுபோல் நின்றார்.

"உங்களைத்தான் சார். அப்படி ஓரமா."

கூடம் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் ஓர் அடி நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார் படக்காரர். இன்னோர் அடி நகர்ந்தார். ஒற்று சாரும் மெக்கானிக்கும் தோளோடு தோளாக நெருங்கினார்கள்.

"சார், சிரி."

"சிரிச்சுட்டுத்தான்யா இருக்கேன்."

அந்தப் படம் இப்போது சங்க அலுவலகச் சுவரில் மற்றப் பதினொன்றோடு மாட்டப்பட்டிருக்கிறது. இருவரும் மார்பை நிமிர்த்தி நேராக நிற்கிறார்கள். மெக்கானிக்கின் ஒரு கையில் கேடயம். மறு கை ஒற்று சாரின் கையில். அடியில் பெயர்களும் உறவும் அச்சிடப்பட்டிருக்கின்றன, எழுத்து எதுவும் கூடாமல், குறையாமல். இடது ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை விழுந்திருக்கிறது. யாருடையது என்று கேட்பவர்களுக்குத் தலைவரே எழுந்து வந்து காட்டுகிறார்.